சில்லுகளின் கோணமும் சாரதியின் உயிரும்

ஊர்க் கோயிலில் தேரோடும் நாளில் வடம் பிடிப்போரைப் பார்ப்பவர் பலர்; சில்லின் அருகே முட்டுக்கட்டையோடு குனிந்து செல்பவரைப் பார்ப்பவர் சிலரே. தேரின் சில்லுகளுக்குத் தாமாகத் திரும்பத் தெரியாது. அச்சு எந்தத் திசையை நோக்கி நிற்கிறதோ அந்தத் திசையிலேயே அவை உருளும். நூற்றுக்கணக்கான கைகள் முன்னே நின்று இழுத்தாலும், தேர் எவ்வழி செல்ல வேண்டும் என்பதைச் சில்லு நிலத்தைத் தொடும் இடத்தில் வைக்கப்படும் அந்தக் கட்டையே தீர்மானிக்கின்றது.

மோட்டார் வண்டிக்கும் இவ்வுண்மை பொருந்தும். வண்டியை விரும்புவோர் எஞ்சினின் வலுவைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். ஆனால் அந்த வலு முழுவதும், பிரேக்கின் பிடி முழுவதும், சாரதியின் திறமை முழுவதும் நான்கே நான்கு இடங்களின் வழியாகத்தான் வீதியை அடைகின்றன. நான்கு டயர்களும் நிலத்தைத் தொடும் அந்த இடம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே இருக்கும். அந்த நான்கு உள்ளங்கைகளும் நிலத்தில் எவ்வாறு பதிய வேண்டும், எத்திசையை நோக்க வேண்டும் என்று வகுப்பதையே சில்லு நேர்ப்படுத்தல் என்கிறோம். கராஜ்களில் இதனை 'வீல் அலைன்மென்ட்' என்பார்கள். வண்டியின் உடலைச் சில்லுகளின் மேல் தாங்கி நிற்கும் அமைப்பை 'சஸ்பென்ஷன்' என்பார்கள். இப்பேச்சில் அதனைத் தாங்கமைப்பு என்று வழங்குவோம்.

பொதுவாகப் பேசுவதிலும் ஒரு வண்டியை முன்னே நிறுத்திக்கொண்டு பேசுவது பயன் தரும். ஆதலால் பழைய வண்டிகளை நேசிப்போர் உலகெங்கும் இன்றும் பேணிவருகின்ற மினி கூப்பர் காரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

1956ஆம் ஆண்டு சுயெஸ் கால்வாய் நெருக்கடியால் பிரித்தானியாவில் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. எண்ணெயைச் சிக்கனமாகக் குடிக்கும் சிறிய கார் ஒன்று வேண்டுமென்று பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன் நினைத்தது. முன்னர் மொரிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் என்பவரிடம் அவ்வேலை ஒப்படைக்கப்பட்டது. அவர் எஞ்சினைக் குறுக்காக வைத்தார்; பற்சக்கரப் பெட்டியை எஞ்சினின் அடியிலே புகுத்தினார்; முன் சில்லுகளே வண்டியை இழுக்கும்படி செய்தார். பத்தடி நீளத்தில் நால்வர் அமரக்கூடிய வண்டி பிறந்தது. 1959 ஆகஸ்ட் 26ஆம் நாள் அது உலகுக்கு அறிமுகமாயிற்று.

உள்ளே இடத்தை மிச்சப்படுத்துவதற்காகச் சில்லின் விட்டம் பத்து அங்குலமாகக் குறைக்கப்பட்டது. சிறிய சில்லு குழியில் ஆழமாக இறங்கும். கல்லில் கடுமையாக மோதும். ஆகவே தாங்கமைப்பு அதிகமாக உழைக்க வேண்டியிருந்தது. இன்னொரு சிக்கலும் இருந்தது. வண்டியின் எடை ஏறத்தாழ 600 கிலோகிராம். நால்வர் ஏறினால் அதன் எடை ஏறக்குறைய அரைப்பங்கு கூடிவிடும். ஒருவர் செல்லும்போது மென்மையாக இருக்கும் விற்சுருள், நால்வர் ஏறியதும் முற்றாக அமுங்கிவிடும். இதற்கு அலெக்ஸ் மோல்டன் என்ற பொறியியலாளர் ஒரு வழி கண்டார். எஃகு விற்சுருளுக்குப் பதிலாக இறப்பரால் ஆன கூம்பை வைத்தார். இறப்பர் கூம்பு தொடக்கத்தில் எளிதாக அமுங்கும். அமுங்க அமுங்க மேலும் மேலும் இறுகும். சுமைக்கேற்பத் தானே வலுக்கும் அந்தக் கூம்பு மிகச் சிறிய இடத்திலும் அடங்கிற்று. 1964 முதல் சில ஆண்டுகள் திரவத்தால் இயங்கும் தாங்கமைப்பு மினி கார்களில் பொருத்தப்பட்ட போதிலும், பின்னர் இறப்பர் கூம்பே மீண்டும் இடம்பிடித்தது.

இச்சிறு வண்டி வளைவுகளில் ஓடும் அழகைப் பந்தயக் கார் அமைப்பாளரான ஜோன் கூப்பர் கண்டுகொண்டார். அவர் தூண்டுதலால் 1961இல் 55 குதிரைவலுவுடன் மினி கூப்பர் வெளிவந்தது. 1963இல் கூப்பர் எஸ் வந்தது. அடுத்த ஆண்டில் அதன் 1275 கன சென்டிமீற்றர் வடிவம் 76 குதிரைவலுவை எட்டியது. மொன்ரே கார்லோ ராலிப் போட்டியில் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் இவ்வண்டியே வென்றது. தன்னைவிடப் பன்மடங்கு வலுவுள்ள வண்டிகளை இது முந்தியதற்கு எஞ்சின் மாத்திரம் காரணமன்று. அதன் சில்லுகள் வீதியைப் பற்றிக்கொண்ட விதமும் காரணம். அந்தப் பற்றுதலுக்கு அடிப்படையான கோணங்களை இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, சில்லின் பக்கச் சாய்வு. இதனைக் 'கேம்பர்' என்பர். வண்டியின் முன்னே நின்று பார்க்கும்போது சில்லின் உச்சி வெளிப்புறம் சாய்ந்திருந்தால் அது வெளிச்சாய்வு. உட்புறம் சாய்ந்திருந்தால் உட்சாய்வு. ஒரு நாணயத்தை மேசைமீது உருட்டிப் பாருங்கள். அது எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கமே வளைந்து ஓடும். சாய்ந்த சில்லும் அவ்வாறே ஒரு பக்கம் இழுக்கும். இரு பக்கத்துச் சாய்வும் சமமாக இருந்தால் ஓர் இழுப்பை மற்றோர் இழுப்பு ஈடுசெய்யும். சமமாக இல்லாவிடில், வெளிச்சாய்வு கூடிய பக்கத்துக்கு வண்டி ஒதுங்கும். மினியின் முன் சில்லுகளுக்குத் தயாரிப்பாளர் குறித்த அளவு ஒரு பாகை முதல் மூன்று பாகை வரையான வெளிச்சாய்வு ஆகும்.

இரண்டாவது, திரும்பும் அச்சின் பின்சாய்வு. 'காஸ்டர்' என்பது இதன் பெயர். துவிச்சக்கர வண்டியின் முன்கவை சற்றே சரிந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்தச் சரிவின் கோட்டை நீட்டினால், அது டயர் நிலத்தைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னே நிலத்தைத் தொடும். ஆகவே டயர் எப்போதும் அப்புள்ளியின் பின்னே இழுபட்டுச் செல்கின்றது. கயிற்றில் கட்டி இழுக்கும் பொருள் கயிற்றின் திசைக்கே வந்து சேர்வது போல, சில்லும் நேரான திசைக்கே திரும்பி வர முயல்கின்றது. வளைவு முடிந்ததும் சுக்கான் வளையம் தானாக நேருக்கு வருவதற்கு இது முக்கிய காரணமாகும். மினியில் இதன் அளவு மூன்று பாகை. ஒரு பக்கம் இது குறைந்தால், வண்டி குறைந்த பக்கத்துக்கு இழுக்கும்.

மூன்றாவதே அன்றாட வாழ்வில் அதிகம் தொல்லை தருவது. மேலிருந்து பார்க்கும்போது இரண்டு சில்லுகளும் முற்றிலும் இணையாக நிற்கின்றனவா, முன்புறம் நெருங்கி நிற்கின்றனவா, விலகி நிற்கின்றனவா என்பதே கேள்வி. நெருங்கி நின்றால் முன்குவிவு. விலகி நின்றால் முன்விரிவு. பின்சில்லால் இழுக்கும் வண்டிகள் பலவற்றில் முன் சில்லுகளுக்குச் சிறிது முன்குவிவு வைப்பார்கள். ஏனெனில் ஓடும்போது வீதியின் தடை அச்சில்லுகளைப் பின்னோக்கித் தள்ள, இணைப்புகளில் உள்ள இறப்பர் வளையங்கள் சற்று விட்டுக்கொடுக்கும். சில்லுகள் வெளியே விரியும். அப்போது அவை இணையாகும். மினியில் முன் சில்லுகளே வண்டியை இழுக்கின்றன. இழுக்கும் விசை அவற்றை உள்ளே குவியச் செய்கின்றது. ஆதலால் அங்கே நிற்கும் நிலையில் பதினாறில் ஓர் அங்குல முன்விரிவு வைக்கப்பட்டது. பின் சில்லுகளுக்கோ எட்டில் ஓர் அங்குல முன்குவிவு வகுக்கப்பட்டது.

எட்டில் ஓர் அங்குலம் என்பது மூன்று மில்லிமீற்றரே. இவ்வளவு சிறிய அளவில் என்ன வந்துவிடப் போகிறது என்று நேயர்கள் நினைக்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தங்குலச் சில்லு ஒன்றின் விளிம்பு, தான் நிற்க வேண்டிய கோட்டிலிருந்து மூன்று மில்லிமீற்றர் விலகினால், அதன் திசை ஏறக்குறைய முக்காற் பாகை பிழைக்கின்றது. அந்நிலையில் வண்டி ஒரு கிலோமீற்றர் ஓடும்போது, அந்த டயர் ஏறத்தாழ 12 மீற்றர் தூரம் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகின்றது. நூறு கிலோமீற்றர் ஓடினால் ஒரு கிலோமீற்றருக்கும் மேலான தூரம் அரத்தில் உராய்வது போல அது உராய்கின்றது. புதிய டயர் சில மாதங்களிலேயே ஓரம் தேய்ந்து போவதன் மர்மம் இதுவே. டயரின் மேற்பரப்பை உள்ளங்கையால் குறுக்காகத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் அரிவாட் பல் போலவும் தென்பட்டால், குவிவு விரிவிலே பிழை உண்டு என்று அறியலாம். ஒரே ஓரம் மாத்திரம் மழுங்கியிருந்தால் பக்கச் சாய்வையும் சந்தேகிக்க வேண்டும்.

எனினும் டயரின் விலை இங்கே பெரிதன்று. மனித உயிரே பெரிது. வளைவில் விரைந்து செல்லும்போது சாரதி அச்சத்தால் திடீரென்று எரிபொருள் மிதியிலிருந்து காலை எடுத்தால், வண்டியின் பாரம் முன்னே சரிகின்றது. பின் சில்லுகள் இலேசாகின்றன; அவற்றின் பிடி குறைகின்றது. மினி போன்ற குறுகிய வண்டியின் மூக்கு உடனே வளைவின் உட்புறம் திரும்பும். தேர்ந்த ராலிச் சாரதிகள் இக்குணத்தைத் தமக்கு வாய்ப்பாகப் பயன்படுத்தினார்கள். பின் சில்லுகள் சரியான முன்குவிவில் இருந்தால் வண்டியின் பின்புறம் அடங்கி நிற்கும். அவை தேய்வினால் விரிந்து போயிருந்தாலோ, மழை நனைத்த வீதியில் பின்புறம் முன்புறத்தை முந்த முற்படும். வண்டி சுழலும். அப்போது சுக்கானைத் திருப்புவதற்குக் கூடப் போதிய நேரம் இராது.

இப்போது ஓர் இளைஞரைக் கற்பனை செய்துகொள்வோம். பலகாலம் உறங்கிக் கிடந்த மினி கூப்பர் ஒன்றை அவர் வாங்குகிறார். எஞ்சினைப் புதுப்பித்து, வர்ணம் பூசி, அகன்ற சில்லுகளைப் பொருத்துகிறார். வண்டி தாழ்ந்திருந்தால் அழகு என்று கருதி உயரத்தைக் குறைக்கிறார். பின்னர் கராஜுக்குச் சென்று சில்லை நேர்ப்படுத்தித் தருமாறு கேட்கிறார். அங்கே முன் சில்லுகளின் இணைப்புத் தண்டைத் திருகி, கருவி காட்டும் எண்ணைச் சரிசெய்து அனுப்பிவிடுகிறார்கள். தாளிலே எல்லாம் சரி. வீதியிலே வண்டி அலைகின்றது. பிழை எங்கே?

பழைய மினியில் முன் சில்லுகளின் குவிவு விரிவை மாற்றுவதற்கு மாத்திரமே எளிய திருகு உண்டு. மற்றைய கோணங்கள் உறுப்புகளின் நீளத்தாலும் அவை பொருத்தப்பட்ட இடத்தாலும் அமைந்தவை. ஆகையால் அக்கோணங்களில் ஒன்று பிழைத்திருந்தால், ஏதோ ஓர் உறுப்புத் தேய்ந்திருக்கிறது, வளைந்திருக்கிறது, அல்லது துருப்பிடித்து நகர்ந்திருக்கிறது என்பதே பொருள். காய்ச்சல் கண்டவருக்கு வெப்பமானியைக் குளிர்நீரில் தோய்த்து எண்ணைக் குறைப்பதால் நோய் நீங்குமா? நோய்க்கான காரணத்தைத் தேட வேண்டும்.

தேட வேண்டிய இடங்களும் தெரிந்தவையே. பின் சில்லு ஒவ்வொன்றும் ஒரு நீண்ட புயத்தின் முனையில் நிற்கின்றது. அப்புயம் ஒரு தண்டின்மீது ஏறி இறங்குகின்றது. அத்தண்டுக்குக் கிறீஸ் இடும் துவாரம் உண்டு. பலர் அதனை மறந்துவிடுவார்கள். கிறீஸ் இன்றித் தண்டும் தாங்கிகளும் தேய்ந்தால், பின் சில்லின் உச்சி உள்நோக்கிச் சாயும். வண்டியின் பின்னே பத்தடி தள்ளி நின்று பார்த்தாலே இக்குறை கண்ணுக்குத் தெரியும். பின் தாங்கமைப்பு முழுவதும் பொருத்தப்பட்டிருக்கும் இரும்புச் சட்டம் துருவுக்கு எளிதில் இரையாவது. சட்டமே உளுத்துப் போனபின் கோணத்தை அளப்பது, கரையான் அரித்த தூணில் தூக்குநூல் பிடிப்பதற்கு ஒப்பாகும். முன்புறத்தில் சில்லைத் திருப்பும் பந்து மூட்டுகள், கீழ்ப்புயத்தின் இறப்பர் வளையங்கள், அப்புயத்தை முன்னோக்கிப் பிடித்திருக்கும் தண்டின் வளையங்கள் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். அந்தத் தண்டின் வளையம் நைந்தால் பின்சாய்வு மாறும்; பிரேக் பிடிக்கும்போதெல்லாம் சில்லு முன்பின்னாக அசையும்.

இறப்பர் கூம்புக்கும் ஆயுள் உண்டு. ஆண்டுகள் பல செல்ல அது அமுங்கி இறுகிவிடும், வண்டி தாழும். எண்ணெய் நிறைந்த அதிர்வுதாங்கிகளையும் மறத்தலாகாது. விற்சுருளோ கூம்போ குழியின் அடியை வாங்கிச் சேமித்து வைக்கின்றது. அதிர்வுதாங்கி அதனைச் செலவழித்து அடக்குகின்றது. அது செயலிழந்தால் சில்லு வீதியில் துள்ளும். துள்ளும் சில்லுக்கு எக்கோணமும் பயன்படாது.

இக்குறைகளை நீக்கிய பின்னரே அளவெடுக்கத் தொடங்க வேண்டும். அதற்கும் ஒரு வரிசை உண்டு. சமதரையில் வண்டியை நிறுத்தி, நான்கு டயர்களிலும் குறித்த அளவு காற்றை நிரப்புவது முதல் வேலை. அடுத்து வண்டியின் உயரத்தை இரு பக்கமும் சமப்படுத்த வேண்டும். உயரம் மாறினால் புயங்களின் நிலை மாறும். புயங்களின் நிலை மாறினால் எல்லாக் கோணங்களும் மாறும். அதன்பின் பின்சாய்வு, பின்னர் பக்கச் சாய்வு, கடைசியாகக் குவிவு விரிவு. ஒவ்வொன்றும் தனக்குப் பின் வருவதைப் பாதிக்கும். ஆதலால் வரிசையை மாற்றினால் செய்த வேலையையே திரும்பச் செய்ய நேரிடும். பின் சில்லுகளை முதலில் பார்த்து, அவை காட்டும் திசைக்கு இணங்க முன் சில்லுகளை அமைப்பதே முறை. வண்டியை ஜாக்கியில் தூக்கி இறக்கியவுடன் அளக்கலாகாது. சற்று முன்னும் பின்னும் உருட்டி, அமுக்கி விட்டு, அது தன் இயல்பான நிலைக்கு வந்தபின் அளக்க வேண்டும். இறப்பர் வளையங்களின் திருகாணிகளையும் வண்டி தன் சில்லில் நிற்கும்போதே இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் வளையம் முறுகிய நிலையிலேயே உறைந்து விரைவில் கிழியும்.

இன்று ஒளிக்கதிராலும் புகைப்படக் கருவியாலும் கோணங்களை நொடியில் அளக்கும் இயந்திரங்கள் உள்ளன. ஆயினும் வண்டியின் இருமருங்கும் நடுக்கோட்டுக்கு இணையாக நூல் கட்டி, சில்லின் விளிம்பின் முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை இரும்பு அளவுகோலால் பொறுமையாக அளப்பவரும் நம்பத்தக்க விடையைப் பெறலாம். கருவி எதுவாயினும் வண்டியின் அடியே புகுமுன் உறுதியான தாங்குகட்டைகளை வைத்தல் அவசியம். ஜாக்கியை மாத்திரம் நம்பிக் கீழே படுப்பது தற்கொலைக்கு ஒப்பாகும்.

இனி அந்த இளைஞரின் ஆசைக்கும் நியாயம் செய்ய வேண்டும். தயாரிப்பாளர் குறித்த அளவுகள் வேதவாக்கு அல்ல. அவை அக்காலத்தில் வழங்கிய குறுக்கிழை டயர்களுக்காக வகுக்கப்பட்டவை. பின்னர் வந்த ஆரை இழை டயர்கள் தட்டையான அகன்ற பரப்பை உடையவை. நிமிர்ந்து நின்றால்தான் அவை முழுமையாகப் பதியும். வளைவிலே வண்டியின் உடல் வெளிப்புறம் சரிகின்றது. மினியின் பின் சில்லுகள் உடலோடு சேர்ந்தே சாயும். உடல் மூன்று பாகை சரிந்தால், பாரம் தாங்கும் வெளிப்புறப் பின் சில்லும் ஏறத்தாழ மூன்று பாகை வெளியே சாய்ந்து ஓரத்தில் நிற்கும். இதனை ஈடுசெய்யவே விரைந்து ஓட்ட விரும்புவோர் முன் சில்லுகளுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பாகை உட்சாய்வும், பின் சில்லுகளுக்குச் சிறிதளவு உட்சாய்வும் தருகின்றனர். சற்று நீண்ட கீழ்ப்புயத்தாலும், கோணத்தை மாற்றக்கூடிய பின்தாங்கிகளாலும் இதனைச் சாதிக்கலாம். பின் சில்லுகளின் முன்குவிவை மாத்திரம் எவரும் கைவிடலாகாது.

ஆனால் பந்தயத் திடலுக்கு உகந்தது வீதிக்கு உகந்ததாகாது. உட்சாய்வு மிகுந்தால் நேர்வீதியில் டயரின் உள் ஓரம் தேயும். திடீரெனப் பிரேக் பிடிக்கும்போது பதியும் பரப்புக் குறையும். அகன்ற சில்லை வெளியே தள்ளிப் பொருத்தினால், திரும்பும் அச்சுக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம் கூடும். அப்போது ஒவ்வொரு குழியும் சுக்கானைக் கையிலிருந்து பறிக்கப் பார்க்கும். வண்டியை அளவுக்கு மீறித் தாழ்த்தினால் சில்லு ஏறுவதற்கு இடமின்றித் தடைக்கட்டையில் மோதும். மேடுபள்ளத்தில் சாரதி திருப்பாமலே சில்லு திரும்பவும் கூடும். ஆகவே முதலில் வண்டி தன் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். அந்நிலையில் சில நாட்கள் ஓட்டிப் பழகியபின், ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மாத்திரம் செய்து, அதன் பலனைக் குறித்துக்கொண்டு, அடுத்ததற்குச் செல்ல வேண்டும். மூன்று மாற்றங்களை ஒருங்கே செய்தவர், நன்மை எதனால் வந்தது, தீமை எதனால் வந்தது என்று ஒருபோதும் அறியமாட்டார்.

மினி காரின் உற்பத்தி 2000ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. இன்று ஓடும் பழைய மினி ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய பொறுமையால் ஓடுகின்றது. நமது தீவிலும் அத்தகைய வண்டியை வைத்திருப்போர் உளர். அவர்களுக்கும், வேறெந்தப் பழைய வண்டியையும் பேணுவோருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை வண்டியைத் துடைத்துப் பளபளப்பாக்கியபின், பத்தடி பின்னே சென்று குனிந்து பாருங்கள். இரண்டு பின் சில்லுகளும் ஒரே விதமாக நிற்கின்றனவா? டயரை உள்ளங்கையால் தடவுங்கள். சமதரையில் சுக்கானை இலேசாகப் பிடித்து மெதுவாக ஓட்டுங்கள். வண்டி எப்பக்கம் ஒதுங்குகின்றது என்று கவனியுங்கள். சந்தேகம் தோன்றினால் கராஜுக்குச் சென்று, "சில்லை நேராக்கித் தாருங்கள்" என்று கேட்பதோடு நில்லாமல், "எது தேய்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி உங்கள் டயரையும் காக்கும். உங்களை நம்பி அவ்வண்டியில் ஏறி அமரும் உங்கள் மனைவி மக்களையும் காக்கும்.